டேப் ஒட்டாத ஒரே பொருள்

புது ரிமோட்டின் அடிமூடியைச் சுற்றிக் கருப்பு டேப்பை இரண்டு சுற்று சுற்றி, பல்லால் கடித்து அறுத்து, முனையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கிறார் சிங்காரவேல். ரிமோட் கடையிலிருந்து வந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

"டிவி பொட்டிக்கும் ஒரு சுத்து சுத்திடுங்க. படம் வெளிய சிந்தாம இருக்கும்" என்கிறாள் அவர் மனைவி கஸ்தூரி.

அவர் டேப் சுருளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார். சிலர் எப்போதும் பேனா வைத்திருப்பார்கள். இவர் டேப்.

நெய்வேலி நகரியத்தில் இருபத்தோராம் வட்டத்துக் குவார்ட்டர்ஸில் அவர் கை படாத பொருள் குறைவு. சுவிட்ச் போர்டின் விளிம்பு, டார்ச்சின் கழுத்து, மிக்ஸியின் அடிப்பாகம், சுவர்க்கடிகாரத்தின் முதுகு எல்லாவற்றிலும் கருப்புப் பட்டை ஓடுகிறது. கடிகாரத்தில் பேட்டரி மாற்ற வேண்டுமென்றால் பிளேடு தேடவேண்டும். மைன்ஸில் முப்பத்தோரு வருடமாகக் கன்வேயர் பெல்ட்டின் மின் பராமரிப்பில் இருப்பவர் அவர். அங்கே நிலக்கரித் தூள் கோதுமை மாவைப்போல நுண்மையானது. ஒயர்கள் கூடும் பெட்டியில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், அது புகுந்து, மழைக்காலத்தில் ஈரம் சேர்ந்து, ஒருநாள் பெல்ட்டை நிறுத்திவிடும். "சந்து இருந்தா தூளு போவும். தூளு போனா போச்சி" என்பார். புதிதாக வேலைக்கு வரும் எவரும் அவரிடமிருந்து முதலில் கேட்பது இதுதான்.

வீட்டில் அவர் டேப் ஒட்டாத பொருள் ஒன்றே ஒன்று. அது அவருடைய வலது காதுக்குப் பின்னால் இருக்கிறது.

பத்து நாளுக்கு ஒருமுறை அந்தக் காது மெஷினுக்குப் பேட்டரி மாற்றுவார். பட்டன் அளவு பேட்டரி, மேலே ஆரஞ்சு நிற ஸ்டிக்கர். அதை உரித்ததும் உள்ளே போட்டுவிட மாட்டார். உள்ளங்கையில் மல்லாத்தி வைத்துக்கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் நிற்பார். "காத்து குடிக்கட்டும்" என்பார். யாராவது கேட்டால் விளக்கமும் உண்டு. "டார்ச் லைட்டு மாதிரி மங்கி மங்கிச் சாவாது இது. கடசி வரைக்கும் ஒரே மாதிரி ஓடும். நாலு வாட்டி பீப் அடிச்சி சொல்லிட்டுத்தான் நிக்கும்." அவர் சொல்வது சரிதான். எங்கே கற்றார் என்று கேட்டால் மட்டும் சட்டைப்பையில் டேப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

காது எப்போது போனது என்று அவருக்குத் தெரியாது. போவது கேட்பதில்லை என்பதுதான் காது போவதில் உள்ள சிக்கல். மோட்டார் ஓடும் அறைக்குள் போகும்போது காதில் செருகிக்கொள்ள அடைப்பான் கொடுப்பார்கள். அவர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். "பேரிங் சத்தம் கேக்காம எப்படி வேல பாக்கறது?" உண்மையில் கையை வைக்காமலே, கேட்டே எந்த உருளையில் பழுது என்று சொல்லக்கூடியவர் என்று அந்தக் காலத்தில் பெயர் எடுத்திருந்தார். அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய்க் காதைக் கொடுத்தார். பெயரும் பிறகு நிற்கவில்லை.

கேட்காததை மறைப்பதில் அவர் தேர்ந்தார். எதிராளிக்கு முன்னால் பேச்சைத் தொடங்கி, விடாமல் தானே பேசிக்கொண்டிருப்பார். சிரிக்கிறவர்களோடு அரை நொடி தாமதித்துச் சிரிப்பார். புரியாதபோது தலையாட்டுவார், அந்தத் தலையாட்டலில் ஒரு கனம் இருக்கும், யோசித்து ஒப்புக்கொள்பவரைப்போல. இவ்வளவு பாடும் எதற்கென்றால், இளம்வயதில் அவரோடு மாடசாமி என்று ஒரு ஃபிட்டர் இருந்தார். காது மந்தம். அவர் முதுகுக்குப் பின்னால் வாயை மட்டும் அசைத்துப் பேசிக்காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தவர் சிங்காரவேல். அந்தச் சிரிப்பு எங்கோ வரிசையில் நின்றுகொண்டு தன் முறைக்காகக் காத்திருக்கிறது என்று அவர் நம்பினார்.

ஐம்பத்தேழாம் வயதில், புதுச்சேரியில் வேலை பார்க்கும் மகள் பவித்ரா அவரை இழுத்துக்கொண்டு போய்க் காதைப் பரிசோதிக்க வைத்து மெஷின் வாங்கிக் கொடுத்தாள். 2014 கோடை அது. அவர் காதோர முடியை வெட்டாமல் விட்டார். போடப்பட்டு வந்த முதல் பேட்டரி ஒன்பதாம் நாள் தீர்ந்தது. மூடியைத் திறந்து பார்த்தபோது, கீல் ஓரத்தில் பழுப்பாக ஒரு மெல்லிய கோடு. தூள்.

பேட்டரி வாங்கப் பஜாரில் ராயப்பனின் மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போனார். அங்கே காது மெஷினுக்கான சாமான்களும் உண்டு. அந்த மேசையைப் பார்த்துக்கொண்டவள் வெண்மதி, விருத்தாசலத்தில் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, கம்மாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள்.

"எங்க அண்ணனுக்கு" என்றார் சிங்காரவேல். அவருக்கு அண்ணன் கிடையாது.

"எத்தினி நம்பரு சார்?" அவள் விரலை மடக்கிக் கேட்டதால் புரிந்தது.

"ஆரஞ்சு கலரு."

"பதிமூணு. அவர வரச் சொல்லுங்க சார், போட்டுக் காட்டறன்."

"அவுரு வெளிய வர மாட்டாரு." இந்தப் பதிலை அவர் வீட்டிலேயே தயாராக வைத்திருந்தார்.

அவள் ஆறு பேட்டரி உள்ள அட்டையை எடுத்துவைத்து, நகத்தால் தட்டித் தட்டி விளக்கினாள். "ஸ்டிக்கர உரிச்சதும் போட்டுடக் கூடாது சார். ஒரு நிமிஷம் வெளிய வெச்சிருக்கணும். அதுக்கு அடியில ஊசிமுன மாதிரி ஓட்ட இருக்கும், அது வழியா காத்து போனாத்தான் கரண்டு வரும். உள்ள இருக்கறது துத்தநாகப் பொடி மட்டுந்தான், மீதிச் சரக்க காத்துலருந்து எடுத்துக்குது. அதனாலதான் இத்தினூண்டு இருந்துகினு இவ்வளவு நாளு தாங்குது. உரிக்காம வெச்சா வருஷக்கணக்கா கெடாது. உரிச்சிட்டா, திருப்பி ஒட்டினாலும் தீர்ந்துகினுதான் இருக்கும். மெஷின எங்கயும் அடைச்சி வெக்காதீங்க."

இத்தனையும் அவள் சொன்னது. அவருடைய மெஷின் பேட்டரி இல்லாமல் பையில் கிடந்தது. "ஸ்டிக்கர்", "நிமிஷம்" என்று இரண்டு சொல் அவருக்கு வந்து சேர்ந்தன. மீதிக்கெல்லாம் யோசித்து ஒப்புக்கொள்பவரைப்போலத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து, புதுப் பேட்டரியைப் போட்டு, மூடியின் விளிம்பில் ஓடிய இடைவெளியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிளேடால் டேப்பை நூல் அகலத்துக்குக் கீறி எடுத்து மூன்று சுற்றுச் சுற்றினார். மூடியில் இருந்த பொட்டளவு துளை ஒன்றையும் விடவில்லை. அவர் வாழ்க்கையில் செய்த நேர்த்தியான சீல்களில் அதுவும் ஒன்று.

அரைநாளில் நான்கு பீப் அடித்து மெஷின் நின்றது. டேப்பைப் பிரித்து, வேறு பேட்டரி போட்டு, மறுபடி டேப் சுற்றினார். அதுவும் அரைநாள். நான்காம் நாள் அட்டை காலி.

திங்கட்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர் குளிக்கக்கூட இல்லை. செத்த ஆறையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். உள்ளே கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டு ஒரு வாத்தியாரும், ரசீதோடு இரண்டு பெண்களும் இருந்தார்கள். அவர் அண்ணனை மறந்துவிட்டார். காதிலிருந்து மெஷினைப் பிடுங்கி மேசைமேல் வைத்தார்.

"ஆறும் செத்துப்போச்சி. ஒண்ணாவது ஒரு நாளு ஓடுச்சா?"

வெண்மதி மெஷினைப் புரட்டினாள். டேப்பின்மேல் நகத்தை வைத்து, தலையை அசைத்து, ஏதோ சொன்னாள். அவர் கண்டது அசையும் உதடுகளை மட்டும். தன் டேப்பைக் குறை சொல்கிறாள் என்பது மட்டும் விளங்கியது. இத்தனை வருடத்தில் மேலதிகாரிகள்கூட அதைக் குறை சொன்னதில்லை. பேட்டரியைச் சோதிக்கும் கருவியை எடுக்க அவள் மேசைக்கு அடியில் குனிந்தாள். முகத்தை மறைக்கிறாள் என்று அவருக்குப் பட்டது.

"தீர்ந்தத வாங்கி ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறியா? எந்த ஊரு நீ?"

பில் மேசையிலிருந்து ராயப்பன் எட்டிப் பார்த்து, உரக்கவே சொன்னார். "கம்மாபுரம் சார். என்ன சார் பிரச்சன?"

"கம்மாபுரத்துல எந்தத் தெரு?"

அந்தப் பக்கத்தில் ஒருவரைத் தெரு கேட்பது முகவரிக்காக அல்ல. கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும், சுற்றி நிற்பவர்களுக்கும் தெரியும். வெண்மதி கருவியைக் கையில் வைத்தபடி நிமிர்ந்து நின்றாள். பதில் சொல்லவில்லை. சொல்லாததையே பதிலாக எடுத்துக்கொண்டு, சிங்காரவேல் மெஷினையும் பேட்டரிகளையும் அள்ளிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி, தனக்குள் முணுமுணுத்துக்கொண்டார். "அதான பாத்தன்."

ராயப்பன் ஓடிவந்து ஒரு புது அட்டையை அவர் கையில் வைத்தார். அதற்கு முன் அவர் வெண்மதியிடம் கையை நீட்டி, பேட்டரி இழுப்பறையின் சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதைச் சிங்காரவேல் பார்த்தார். நியாயம் நடந்ததாகத்தான் நினைத்தார்.

புதன்கிழமை மத்தியானம் மைன்ஸில் சாப்பாட்டு நேரம். மருதமுத்து பதினைந்து வருடமாக அதே பிரிவில் கான்ட்ராக்ட்டில் இருப்பவர். அன்றாடம் சிங்காரவேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இவர் குழம்பை அவரும் அவர் கருவாட்டை இவரும் எடுத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். அன்று மருதமுத்துவின் டப்பா ஒரு முழம் தள்ளி இருந்தது. சிங்காரவேலின் மெஷினில் காலையில் போட்ட பேட்டரி இன்னும் உயிரோடு இருந்த நேரம்.

"பஜார்ல கண்ணாடிக் கடையில என்னாண்ணே சத்தம்?"

"டூப்ளிகேட் பேட்ரிய வித்துட்டா. எங்க அண்ணனுக்கு வாங்கினது."

"உங்களுக்கு ஏதுண்ணே அண்ணன்?"

சிங்காரவேல் சோற்றைப் பிசைந்தார்.

"அது எங்க பழனிவேலு பொண்ணு. நானும் அந்தத் தெருதாண்ணே" என்றார் மருதமுத்து. கோபம் இல்லாமல், ஒரு விவரம் சொல்வதுபோல. "சனிக்கிழமையோட நின்னுக்கச் சொல்லிட்டாங்களாம். திருட்டுப் பேரோட நிக்கிற பொண்ண வேற கடையில எவன் சேப்பான்? 'அதான பாத்தன்'னீங்களாமே. எதுத்த டீக்கட வரைக்கும் கேட்டுதாம்."

"மனசுலதான்யா சொன்னன்."

"மனசுல சொன்னதுதாண்ணே டீக்கடைல கேட்டுது."

மருதமுத்து டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார். கருவாட்டில் இரண்டு துண்டு எப்போதும்போல இவர் மூடியில் வைக்கப்பட்டிருந்தது. வைத்துவிட்டுத்தான் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். அதை எப்படித் தின்பது என்று சிங்காரவேலுக்குத் தெரியவில்லை.

இரண்டு மணி ஷிப்ட் பஸ்ஸில் மெஷின் பீப் அடித்து நின்றது. அவர் ஆத்திரத்தில் டேப்பைக் கிழித்து எறிந்து, பேட்டரியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். மாற்றுப் பேட்டரி வீட்டில். பஸ் குலுங்கியதில் கீழே விழுந்துவிடுமே என்று, அதே பேட்டரியைத் திரும்பவும் மெஷினுக்குள் போட்டு மூடிக் காதில் மாட்டினார். மெஷின் தன் சிறிய தொடக்க ஒலியைப் பாடியது. பின்சீட்டில் யாரோ இருமினார்.

பழுது தேடுவது அவர் தொழில். வீட்டுக்குப் போய்ச் செத்த ஆறையும் மேசையில் வரிசையாக வைத்தார். டேப் இல்லாமல் ஒவ்வொன்றாக மெஷினில் போட்டார். ஆறும் பாடின. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றின் தலையிலும் ஊசிமுனைத் துளைகள். அவள் நகம் டேப்பின்மேல் நின்றது எதற்கென்று அப்போது விளங்கியது. மூச்சுவிட்டு வாழும் ஒன்றின் வாயை அவர் ஆறு தடவை பொத்தியிருக்கிறார்.

அவமானம் ஒன்றாக வந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். பேட்டரியை அடைத்ததை ஒரு கைத்தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பேட்டரி உண்மையாகவே போலியாக இருந்திருந்தால்? அப்போதும் அந்தத் தெருக் கேள்விக்கு என்ன நியாயம்? கேள்வி அவருக்குள் புதிதாக முளைத்தது அல்ல. எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது, டேப்பைப்போல. பதினைந்து வருடம் மருதமுத்துவின் கருவாட்டைத் தின்றபோதும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. காது கேட்காததால் அன்று அது சத்தமாக வெளியே வந்துவிட்டது, அவ்வளவே. கேட்கும் காது இருந்திருந்தால் அவர் இன்றும் தன்னை நல்லவர் என்றே எண்ணிக்கொண்டிருப்பார்.

வியாழன் கடைப் பக்கம் போகவில்லை. வெள்ளிக்கிழமை வண்டியில் கடைக்கு எதிரே இரண்டு தடவை போய்வந்தார். இரண்டாம் தடவை டீக்கடைக்காரர் அவரைப் பார்த்து எதையோ சொல்ல, பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். வேறு எதற்காவதும் சிரித்திருக்கலாம்.

வீட்டில் கஸ்தூரியிடம் டேப் விஷயத்தை மட்டும் சொன்னார்.

"அதுக்கா மூணு நாளா சோறு எறங்காம ஒக்காந்துகினு இருக்கீங்க?" அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "மீதிய யார் சொல்றது?"

சொன்னார். அவள் கை நின்றது. "நம்ம பவித்ராவும் புதுச்சேரியில ஒரு கடையிலதான் நிக்கிறா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்குக் கடைக்குள் போனார். குளித்து, சலவைச் சட்டை போட்டு, காதில் மெஷினோடு. கடையில் ஐந்தாறு பேர். வெண்மதி பேட்டரி மேசையில் இல்லை. ஓரத்தில் நின்று கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் துணியை மடித்தாள்.

"அண்ணன் எப்படி சார் இருக்காரு?"

அது எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை அவர் சொன்னார். மெஷினுக்குள் அவருடைய குரலே பறையடிப்பதுபோல முழங்கியது. எல்லாருக்கும் கேட்டிருக்கும் என்று நினைத்து, முடித்து, நிமிர்ந்தார்.

"கேக்கல சார்" என்றாள் வெண்மதி.

கேலி இல்லை. அவளுக்கு உண்மையாகவே கேட்கவில்லை. அவர் மறுபடி சொன்னார். சொந்தக் குரலின் முழக்கத்துக்குப் பயந்து தொண்டை தானாகவே அடங்கியது. பில் மேசையில் ராயப்பன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"கேக்கல."

அன்று தனக்குள் சொன்னதாக நினைத்தது தெருவைத் தாண்டியது. இன்று உரக்கச் சொன்னதாக நினைத்தது இந்தக் கண்ணாடி மேசையைத் தாண்டவில்லை. பேசாமல் தலையை அசைத்துவிட்டுத் திரும்பிப் போகலாம். சொல்லியாயிற்று என்று தனக்குக் கணக்குக் காட்டிக்கொள்ளலாம். ஒரு கணம் அதையும் யோசித்தார்.

பிறகு காதோர முடியை விலக்கி மெஷினைக் கழற்றினார். பேட்டரி மூடியைத் திறந்து, அதைக் கண்ணாடி மேசைமேல் எல்லாரும் பார்க்க வைத்தார். கடை முழுவதும் அமைதியானது, அவருக்கு மட்டும்.

"பேட்ரி நல்ல பேட்ரி" என்றார். தன் குரல் அவருக்குக் கேட்கவில்லை. தொண்டை நரம்பு இழுப்பது மட்டும் தெரிந்தது. "நாந்தான் டேப்ப போட்டு அடைச்சன். எனக்குத்தான் காது கேக்காது. அண்ணனும் இல்ல, ஒருத்தரும் இல்ல. இந்தப் பொண்ணு சரியா சொல்லித்தான் குடுத்துது. இது மேல திருட்டுப் பேரு போட்டது நான். தெருவ கேட்டன் பாருங்க, அது பேட்ரிக்காக கேட்டது இல்ல. அது என்கிட்ட இருக்கற அசிங்கம்."

கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அதைக் கழற்றினார். எதிர் டீக்கடையில் இரண்டு பேர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று பார்த்தார்கள். ராயப்பன் பில் மேசையை விட்டு வந்தார். அவர் வெண்மதியிடம் ஏதோ பேசினார். அவள் அவரைப் பார்க்காமல் சிங்காரவேலைப் பார்த்து ஏதோ சொன்னாள், நான்கைந்து சொல் இருக்கும். சிங்காரவேல் தலையாட்டவில்லை.

ராயப்பன் சட்டைப்பையைத் துழாவி, இழுப்பறைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். மூடி திறந்த மெஷினுக்குப் பக்கத்தில் அது கிடந்தது. வெண்மதி உடனே எடுக்கவில்லை. துடைத்த சட்டங்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தாள். துணியை உதறி மடித்தாள். அவள் சாவியைக் கையில் எடுக்கும்வரை சிங்காரவேல் தன் மெஷினைத் தொடவில்லை.